தள்ளுபடிக்கு ஆர் காசு குடுத்தது?

2018 எண்டு நினைக்கிறன். வெள்ளவத்தையில் இருந்து பொரளைக்குப் போக அப்பில் ஒரு ஓட்டோ கூப்பிட்டேன். தள்ளுபடி எல்லாம் போக நான் குடுக்க வேண்டியது நூறு ரூபாயை விடக் குறைவு. காலி வீதியில் நின்று கையைக் காட்டியிருந்தால் அதே தூரத்துக்கு முந்நூறில்தான் பேச்சே தொடங்கியிருக்கும். இறங்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "அண்ணை, இந்தக் காசு உங்களுக்குக் கட்டுமா?" என்று கேட்டேன்.

"மிச்சத்த கொம்பனி போடும் தம்பி. கொம்பனிக்கு ஆர் போடுறாங்கள் எண்டுதான் எனக்குத் தெரியேல்ல" என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஏனென்றால் அந்தக் காலத்தில் பீஜிங்கிலும் ஜகார்த்தாவிலும் டெல்லியிலும் இலட்சக்கணக்கான ஆட்கள் இப்படித்தான் அரை விலைக்கும் கால் விலைக்கும் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் இதைப் போட்டி என்று எழுதின. போட்டி வந்தால் விலை குறையும், தரம் கூடும், கெட்டிக்காரன் வெல்லுவான் என்று ஏ.எல் பொருளியலில் நாங்களும் படித்திருக்கிறோம். ஆனால் 2012க்கும் 2019க்கும் இடையில் இந்த நகரங்களில் நடந்ததை அந்தப் பாடத்தில் அடக்க முடியாது. அது ஆர் கனகாலம் நட்டப்படத் தாங்குவார் என்ற பந்தயம். அது எப்படி முடிந்தது என்று பார்த்தால், அந்த அண்ணையின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ரெண்டு பக்கமும் காசு குடுக்கிற வியாபாரம்

ஊபர் 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கம்பனி. போனை அமத்தினால் கார் வரும். யோசனை அவ்வளவுதான். அதைக் கொப்பி பண்ணுவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. அதனால்தான் இரண்டு மூன்று வருடத்துக்குள் உலகம் முழுக்க அதே மாதிரியான கம்பனிகள் முளைத்தன.

இந்த வியாபாரத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓட்டோ நிறைய இருந்தால்தான் பயணி வருவார். பயணி நிறைய இருந்தால்தான் ஓட்டோக்காரர் வருவார். புதிசாகத் தொடங்குகிற கம்பனியிடம் இரண்டு பேரும் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் காசு குடுத்துக் கூட்டி வர வேண்டும். பயணிக்குத் தள்ளுபடி, சாரதிக்கு போனஸ்.

சரி, ஒருக்கா கூட்டி வந்துவிட்டால் அவர்கள் அங்கேயே நிற்பார்களா? மாட்டார்கள். ஒரு போனில் இரண்டு அப் போட்டு, எது மலிவோ அதை அமத்த எங்களுக்கு ஒரு நிமிடம்கூடப் போகாது. சாரதியும் ஹாண்டிலில் இரண்டு போனைக் கட்டிக்கொண்டு எது முதல் சத்தம் போடுதோ அதை எடுப்பார். தள்ளுபடியை நிற்பாட்டிய அடுத்த நாளே ஆட்கள் மற்றப் பக்கம் போய்விடுவார்கள். அதனால் எதிரி நிற்கும்வரை செலவை நிற்பாட்ட முடியாது. எதிரி காசில்லாமல் போக வேண்டும், அல்லது எதிரியோடு சேர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு சீனாவுக்குப் போவோம்.

சீனா: ஊசி போடுற தாதி

2012இல் பீஜிங்கில் செங் வெய் என்ற இளைஞர் டிடி என்ற அப்பைத் தொடங்கினார். அதற்கு முதல் அலிபாபா கம்பனியில் வேலை செய்தவர். அதே வருடம் ஹாங்சோ நகரத்தில் குவாய்டி என்ற அப் வந்தது. டிடிக்குப் பின்னால் டென்சென்ட் நின்றது. குவாய்டிக்குப் பின்னால் அலிபாபா நின்றது. சீன இணையத்தின் இரண்டு பெரிய யானைகள் இவை.

யானைகளுக்கு ரக்சியில் என்ன ஆசை? அவர்களுக்குத் தேவைப்பட்டது ரக்சி இல்லை. ஆட்கள் போனால் காசு கட்டிப் பழக வேண்டும். டென்சென்டிடம் வீசாட் பே இருந்தது, அலிபாபாவிடம் அலிபே இருந்தது. ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிற ரக்சியைப் போல அந்தப் பழக்கத்தைப் பிடிப்பிக்க நல்ல வழி வேறு இல்லை. 2014இன் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் போட்டி போட்டுக் காசை இறைத்தன. சில குறுந்தூரப் பயணங்கள் கிட்டத்தட்ட சும்மாவே கிடைத்தன. ஸ்மார்ட்போன் இல்லாத வயதானவர்கள் றோட்டில் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, வெறும் ரக்சிகள் அவர்களைத் தாண்டிப் போயின. ஷாங்காய் நகரம் நெரிசல் நேரத்தில் இந்த அப்களைப் பாவிக்கக் கூடாது என்று தடை போடுகிற அளவுக்கு நிலைமை போனது.

2015 பெப்ரவரி 14, காதலர் தினத்தன்று, டிடியும் குவாய்டியும் இணைவதாக அறிவித்தன. நேற்று வரைக்கும் ஒருவரையொருவர் அழிக்கக் காசு எரித்தவர்கள் இன்றைக்கு ஒரே கம்பனி.

காரணம், ஊபர் சீனாவுக்குள் வந்திருந்தது. ஊபரின் தலைவர் ட்ரவிஸ் கலானிக் சீனாவை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. தாங்கள் அங்கே வருடத்துக்கு 1 பில்லியன் டொலர் நட்டப்படுவதாக 2016இன் தொடக்கத்தில் அவரே சொன்னார்.

அந்தப் பில்லியனில் ஒரு பங்கு எப்படிப் போனது என்று பார்த்தால் சிரிப்பும் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சாரதிக்குக் கட்டணத்தைவிடக் கூடின போனஸ் கிடைத்தது. அப்போது ஓட்டம் உண்மையாக நடக்க வேண்டும் என்ற அவசியம் என்ன? சாரதிகள் இணையக் குழுக்களில் "எனக்கு ஒரு ஊசி தேவை" என்று எழுதுவார்கள். "தாதி" என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர் பொய்ப் பயணியாக ஓடர் போடுவார். வண்டி வெறுமனே ஓடும். கம்பனி கணக்கில் ஒரு பயணம் கூடும். போனஸ் வரும். தாதிக்கு ஒரு சின்னக் கூலி.

ஏமாற்றுத்தான். ஆனால் ஆர் ஆரை ஏமாற்றினார்கள் என்றும் யோசிக்க வேண்டும். "எங்கட நகரத்தில இத்தனை இலட்சம் பயணம்" என்ற எண்ணிக்கையைக் காட்டித்தான் கம்பனிகள் அடுத்த முதலீட்டைத் திரட்டின.

2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஊபர் தன் சீன வியாபாரத்தை டிடியிடம் குடுத்தது. தோற்றுப்போய் வெறுங்கையோடு போகவில்லை. சேர்ந்த கம்பனியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு ஊபருக்கும் ஊபர் சைனாவின் மற்ற முதலீட்டாளர்களுக்கும் கிடைத்தது. டிடி திருப்பி ஊபரில் 1 பில்லியன் டொலர் முதலிட்டது. எதிரிகள் இருவரும் ஒருவரில் ஒருவர் பங்குதாரர் ஆனார்கள்.

ஜகார்த்தா: சந்தியில் நிண்ட ஓஜெக்

ஓஜெக் என்றால் இந்தோனேசியாவில் வாடகை மோட்டார் சைக்கிள். ஜகார்த்தாவின் நெரிசலில் கார் நின்றால் நின்றதுதான். மோட்டார் சைக்கிளால்தான் நுழைந்து போகலாம். ஓஜெக்காரர்கள் சந்தி சந்தியாக நிற்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பங்கலான். எங்கட ஓட்டோத் தரிப்பிடம் மாதிரியேதான். முறை வைத்து ஓட்டம் எடுப்பார்கள். வெளி ஆள் வந்து நிற்க ஏலாது. விலை பேசித்தான் ஏற வேண்டும். நாளில் பாதி நேரம் ஓட்டமில்லாமல் குந்தியிருக்க வேண்டும்.

நதீம் மகாரிம் என்ற இளைஞர் இந்தக் குந்தியிருக்கிற நேரத்தைக் கவனித்தார். 2010இல் 20 ஓஜெக்காரர்களோடும் ஒரு ரெலிபோன் நிலையத்தோடும் கோஜெக்கைத் தொடங்கினார். அப் வந்தது 2015 ஜனவரியில்தான். ஐந்து வருடம் அது ரெலிபோனில் ஓடிய சின்ன வியாபாரம். அதனால் சாரதி எப்படி யோசிப்பார், பயணி எதற்குப் பயப்படுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப் வந்த பிறகு ஆள் மட்டும் இல்லை, சாப்பாடு, பார்சல், கடைச்சாமான் எல்லாம் அதே பச்சை ஜக்கெட்காரர்கள் ஏற்றினார்கள்.

மலேசியாவில் அந்தனி டான், டான் ஹூய் லிங் என்ற இரண்டு பேர் 2012இல் மைடெக்சி என்ற அப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு கிராப் ஆனது. ஊபர் 2013இல் சிங்கப்பூருக்குள் வந்தது. கொஞ்சக் காலத்தில் ஜகார்த்தாவில் மூன்று பேரும் முட்டிக்கொண்டார்கள்.

ஊபர் இங்கே பிந்தியது. அது கார் என்றுதான் யோசித்தது. கிரெடிட் கார்ட் இருக்கும் என்று நினைத்தது. ஆசிய நகரங்களில் பெரும்பாலான ஆட்கள் கையில் காசுதான் வைத்திருப்பார்கள் என்பதை விளங்கிக்கொண்டு ஊபர் முதன்முதலாகக் காசு வாங்கிப் பார்த்ததே 2015 மே மாதம், ஹைதராபாத்தில். ஜகார்த்தாவில் மோட்டார் சைக்கிள் சேவையை 2016இல்தான் இறக்கியது. அதற்குள் பச்சை ஜக்கெட் நகரம் முழுக்கப் பரவியிருந்தது.

இதிலிருந்து உள்ளூர் அறிவுதான் வென்றது என்று கதை எழுதலாம். கன பேர் எழுதியும் இருக்கிறார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி சந்தியில் நடந்தது.

பங்கலானில் இருந்த பழைய ஓஜெக்காரர்களுக்கு இது பிழைப்பில் விழுந்த அடி. தங்கட இடத்துக்குள் அப்காரர் ஆள் ஏற்றக் கூடாது என்று மறித்தார்கள், அடிபாடு வந்தது. இன்ன இன்ன இடத்தில் ஏற்றாதே என்று அப் ஓடுகிறவர்கள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொண்டார்கள். 2016 மார்ச் 22ஆம் திகதி ஆயிரக்கணக்கான ரக்சிச் சாரதிகள் ஜகார்த்தா வீதிகளை மறித்தார்கள். அன்றைக்கு ரக்சிக்காரரும் பச்சை ஜக்கெட்காரரும் றோட்டில் ஆளையாள் அடித்துக்கொண்ட காட்சிகளை உலகமே பார்த்தது. இரண்டு பக்கத்திலும் அடிபட்டது நாள் கூலிக்கு ஓடுகிற ஆட்கள். முதலீட்டாளர் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அரசாங்கத்துக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. 2009ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் பொதுப் போக்குவரத்து வாகனமாக இல்லை. 2015 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சு இந்த அப்களைத் தடை செய்தது. மக்கள் கொதித்தார்கள், ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ மக்களுக்கு இது தேவை என்றார், ஒரு நாளுக்குள்ளேயே தடை வாபஸ். சட்டம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஜகார்த்தாச் சாரதிகளும் சீனாக்காரரைப் போலவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜீ.பி.எஸ்ஸை ஏமாற்றி, தாங்கள் நல்ல ஓட்டம் விழுகிற இடத்தில் நிற்பதாகக் காட்டுகிற அப். அதற்கு அவர்கள் வைத்த பெயர் துயுல். ஜாவா மக்களின் கதைகளில் துயுல் என்பது எசமானுக்காகக் காசு களவெடுத்து வருகிற சின்னப் பிள்ளை வடிவப் பேய். தாங்கள் செய்வது களவு என்று தெரிந்தே வைத்த பெயர். சிலருக்கு அது சும்மா காசு. சிலருக்கு, நெரிசலான கட்டட வாசலில் உண்மையாகப் போய்க் காத்து நிற்க இடமில்லாததால் செய்த வேலை.

சிங்கப்பூர், 2018 மார்ச் 26

இனித்தான் காசு எங்கிருந்து வந்தது என்ற இடத்துக்கு வருகிறோம்.

டோக்கியோவில் சொஃப்ட்பேங்க் என்று ஒரு கம்பனி. தலைவர் மசயோஷி சொன். 2014இல் கிராப்பில் முதலிட்டார். இந்தியாவின் ஓலாவில் முதலிட்டார். டிடியிலும் முதலிட்டார். 2017இல் கிட்டத்தட்ட 100 பில்லியன் டொலருக்கு விஷன் ஃபண்ட் என்ற நிதியம் தொடங்கினார். அதில் 45 பில்லியன் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் குடுப்பதாகச் சொன்னது. அதே சவூதி நிதியம் 2016இல் ஊபரில் நேரடியாக 3.5 பில்லியன் போட்டிருந்தது. பிறகு 2018 ஜனவரியில் சொஃப்ட்பேங்க் ஊபரிலும் கிட்டத்தட்ட 15 வீதம் வாங்கியது.

ஒருக்கா நிறுத்தி யோசியுங்கோ. ஊபரும் கிராப்பும் தென்கிழக்காசியாவில் ஒன்றையொன்று விழுத்தக் காசு எரிக்கின்றன. இரண்டு பக்கத்திலும் ஒரே ஆளின் காசு. இது எவ்வளவு நாளைக்கு ஓடும்? ஊபர் தன் பலமான நாடுகளைப் பார்க்க வேண்டும் என்று சொஃப்ட்பேங்க் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது.

2018 மார்ச் 26ஆம் திகதி ஊபர் தன் முழுத் தென்கிழக்காசிய வியாபாரத்தையும் கிராப்பிடம் குடுத்துவிட்டு, கிராப்பில் 27.5 வீதப் பங்கை எடுத்துக்கொண்டது. ஊபரின் புதுத் தலைவர் டாரா கொஸ்ரோஷாஹி கிராப்பின் பணிப்பாளர் சபையில் இடம் பெற்றார். அதற்கு முதல் வருடம் ரஷ்யாவில் யாண்டெக்ஸ் கம்பனியோடும் இதே மாதிரி ஒரு ஒப்பந்தம்: வியாபாரத்தைச் சேர்த்து, 36.6 வீதம் எடுத்துக்கொண்டது. மத்திய கிழக்கில் மட்டும் கதை மறுபக்கமாக நடந்தது. துபாயின் கரீம் கம்பனியை 3.1 பில்லியன் டொலருக்கு ஊபரே வாங்குவதாக 2019இல் ஒப்பந்தம் ஆனது. ஆர் ஆரை வாங்கினார் என்பது ஊருக்கு ஊர் மாறும். போட்டி முடிந்தது என்பது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்று.

சிங்கப்பூரில் கேள்வி கேட்க ஒரு அமைப்பு இருந்தது. போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு விசாரித்தது. இணைப்புக்குப் பிறகு, தள்ளுபடி போகப் பயணி உண்மையில் கட்டுகிற கட்டணம் 10 முதல் 15 வீதம் கூடியிருந்ததாகக் கண்டது. 2018 செப்ரெம்பரில் இரண்டு கம்பனிக்கும் சேர்த்து 13 மில்லியன் சிங்கப்பூர் டொலர் தண்டம் விதித்தது. சாரதிகளை வேற அப்புக்குப் போகவிடாமல் கட்டிப்போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்தக் கதவால்தான் அதே வருட நவம்பரில் கோஜெக் சிங்கப்பூருக்குள் வந்தது. இணைப்பைத் திருப்ப முடியவில்லை, ஆனால் ஒரு கதவாவது திறந்து கிடந்தது.

இன்னொரு கணக்கு. 2018இல் ஊபரின் அன்றாட வியாபார நட்டம் கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர். ஆனால் அந்த வருடக் கணக்கின் கடைசி வரியில் 997 மில்லியன் டொலர் இலாபம் காட்டியது. எப்படி? தென்கிழக்காசியாவையும் ரஷ்யாவையும் குடுத்து எடுத்த பங்குகளின் பெறுமதி இலாபமாக ஏறியது. ஊர் ஊராகத் தோற்றதை விற்று இலாபம் காட்டலாம். தோற்ற சாரதிக்கு விற்க என்ன இருந்தது?

லீசிங்கோட நிண்டவர்கள்

பந்தயம் நடந்தபோது சாரதிகளுக்கு உண்மையிலேயே நல்ல காலம். அதை மறைக்கக் கூடாது. ஜகார்த்தாவில் அலுவலக வேலையை விட்டுவிட்டு ஓட வந்தவர்களும் இருந்தார்கள். டெல்லியில் ஊர்க் காணியை அடகு வைத்துக் கார் எடுத்தவர்கள் இருந்தார்கள். மாத வருமானத்தைப் பார்த்துத்தான் கடன் எடுத்தார்கள். அந்த வருமானத்தில் பெரும் பங்கு பயணி குடுத்த காசு இல்லை, போனஸ் என்பது வங்கிக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

போனஸ் குறையத் தொடங்கியதும் தவணை குறையவில்லை. 2017 பெப்ரவரியில் டெல்லியில் ஓலா, ஊபர் சாரதிகள் கிட்டத்தட்ட இரண்டு கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். 2019 மே மாதம் ஊபர் பங்குச் சந்தைக்கு வந்த கிழமையில் பல நாட்டு நகரங்களில் சாரதிகள் அப்பை நிற்பாட்டினார்கள். இந்தோனேசியாவில் சாரதிகள் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்ததன் பலனாக 2019இல் அரசாங்கம் மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்குக் கிலோமீற்றர் கட்டணத்தின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நிர்ணயித்தது. பந்தயக்காரர் ஆராவது திரும்ப வந்து விலையைக் குப்புற விழுத்தினாலும் அதற்குக் கீழே போக ஏலாது. பெரிய வெற்றி இல்லை. ஆனால் சாரதிக்குக் கிடைத்த எழுத்திலான உத்தரவாதம் அதுதான்.

இந்த வரலாற்றில் பயணியும் சாரதியும் எதிரெதிர்ப் பக்கம் என்று நினைப்பதும் பிழை. தள்ளுபடியும் போனஸும் ஒரே பையில் இருந்து வந்தவை. பை மூடப்பட்டபோது இரண்டும் ஒன்றாகவே நின்றன. கட்டணம் கூடினால் சாரதி விழுங்குகிறார் என்று பயணி நினைப்பார். அவர் ஓட்டத்தை ரத்துச் செய்தால் திமிர் என்போம். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இருக்கையில், நடுவில் இருக்கிற கம்பனியின் கழிவு எவ்வளவு என்று கேட்க மறந்துவிடுவோம்.

எங்கட பக்கம்

இலங்கையில் பிக்மி 2015 நடுப்பகுதியில் வந்தது. அதே வருட டிசம்பரில் ஊபர் கொழும்புக்கு வந்தது. 10 இலட்சத்துக்கும் மேலான ஓட்டோக்கள் பதிவாகியிருக்கிற நாடு இது. ஜகார்த்தாவுக்கு ஓஜெக் எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு ஓட்டோ. அதை விளங்கிக்கொண்டு ஓட்டோவை அப்புக்குள் கொண்டுவந்ததுதான் பிக்மியின் பலம்.

அப் தந்தவற்றையும் சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து வருகிற என் தங்கச்சி, ஏறுகிற ஓட்டோவின் இலக்கத்தையும் போகிற பாதையையும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு ஏறுகிறாள். சிங்களம் சரியாக வராத ஒருவர் கொழும்பில் விலை பேசாமல், முகத்தைப் பார்த்து விலை சொல்லப்படாமல், வீட்டுக்குப் போகலாம். தமிழ் ஆட்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. தரிப்பிடத்தில் இடம் வாங்க வழியில்லாத புதுப் பெடியனுக்கும் ஓட்டம் கிடைக்கிறது. தரிப்பிடம் ஏழைகளின் சொர்க்கமாக இருக்கவில்லை. அதுவும் ஒரு மூடின கதவுதான்.

ஆனால் அந்தத் தரிப்பிடத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஒருவருக்கு வருத்தம் என்றால் மற்றவர்கள் காசு சேர்ப்பார்கள். முறை என்று ஒன்று இருந்ததால் ஒருவரும் முழு நாளும் வெறுமனே இருந்ததில்லை. யாழ்ப்பாணத்திலும் சுற்றுலா ஊர்களிலும் தரிப்பிடக்காரர் அப்காரரை மறித்த செய்திகளைப் படிக்கும்போது, ரவுடித்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஜகார்த்தாப் பங்கலானில் நின்றவர்களின் அதே பயம்தான். அதற்காக ஒரு சாரதியை மறித்து அடிப்பதும், ஏறின பயணியை இறக்குவதும் சரியாகாது.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது இந்த முழுக் கட்டடமும் எதில் நிற்கிறது என்று தெரிந்தது. கியூ.ஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். பெற்றோல் வரிசையில் நின்றது சாரதி, லீசிங் கட்டினது சாரதி, ரயர் விலை ஏறினபோது வாங்கினது சாரதி. அப் கம்பனிக்குச் சொந்தமாக ஒரு ஓட்டோகூட இல்லை. இது இலங்கைக் கம்பனி, வெளிநாட்டுக் கம்பனி என்ற வித்தியாசம் இல்லாத விசயம். இந்த வியாபாரமே அப்படி அமைந்ததுதான்.

ஆனாலும் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இங்கே இன்னும் இரண்டு பேரும் நிற்கிறார்கள். பிக்மியை நடத்துகிற கம்பனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஊபரும் ஓடுகிறது. ஒருவரை ஒருவர் விழுங்கவில்லை. ஒரு அப்பில் விலை கூடினால் மற்றதைப் பார்க்கலாம். ஒன்றின் கழிவு கூடினால் சாரதி மற்றதைத் திறக்கலாம்.

அது நிலைக்கும் என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. இதுதான் எனக்கு உறுத்துகிற இடம். 1987இல் இலங்கையில் நியாயமான வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்று உருவானது. கம்பனி இணைப்புகளையும் ஏகபோகத்தையும் விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003இல் நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் அதன் இடத்தை எடுத்தபோது, இணைப்புகளைக் கட்டுப்படுத்துகிற பகுதி உள்ளே வரவில்லை. அரிசி விலைக்கும் காலாவதித் திகதிக்கும் கடைக்காரரைப் பிடிக்கிற சபைக்கு, நாளைக்கு இரண்டு அப்களும் சேர்ந்தால் சிங்கப்பூர் கேட்ட கேள்வியைக் கேட்கக்கூட அந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை.

சிங்கப்பூர் தண்டம் விதித்தபோது இணைப்பு முடிந்து ஆறு மாதம். அப்படிப் பிந்தினதாலேயே அதைத் திருப்ப முடியவில்லை. எங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இணைப்புக்கு முதலே கேட்கிற சட்டம், இந்தோனேசியா மாதிரி கிலோமீற்றருக்குக் கீழ் எல்லைக் கட்டணம், ஒவ்வொரு ஓட்டத்திலும் கம்பனி எடுத்த கழிவைப் பயணியின் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்ற விதி. மூன்றும் செலவில்லாத விசயம். ஒரு சாரதி சங்கமும் ஒரு பயணிகள் அமைப்பும் ஒன்றாகக் கேட்டால் போதும். ஆனால் இதுவரை அவர்கள் ஒன்றாகக் கேட்டதில்லை. அதற்குக் காரணம் நாங்கள்தான். தள்ளுபடி வந்தபோது சந்தோசப்பட்டோம், கட்டணம் கூடினபோது சாரதியைத் திட்டினோம்.

பொரளையில் இறங்கின அன்றைக்கு அந்த அண்ணைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்ப இருக்கிறது. அந்தத் தள்ளுபடிக் காசு வெளிநாட்டு முதலீட்டு நிதியங்களிலும் பங்குதாரரின் பையிலும் இருந்து வந்தது. அவர்கள் அதை எங்களுக்குத் தரவில்லை, கடனாகப் போட்டார்கள். திருப்பி எடுக்கிற காலம் வரும்போது, முதல் எடுக்கிறது லீசிங்கோட நிற்கிற அந்த அண்ணையிட்டதான்.